பிரேக்கை மிதித்தால் நடுங்கும் பிக்கப்

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தவுடன் பிக்கப்பின் ஸ்டீரிங் நடுங்கினால், உடனே பிரேக் டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை) மாற்றச் சொல்லும் பட்டறைகள் கோலாலம்பூரில் ஏராளம். நடுக்கம் ஸ்டீரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கர டிஸ்க்கையும், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கர பிரேக் டிரம்மையும் முதலில் சோதிக்க வேண்டும். பிரேக் போடாதபோதும் நடுங்கினால் டயரைப் பாருங்கள்.

சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டதாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில், பெரும்பாலும் பேடின் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டையின்) பொருள் டிஸ்க்கின் மேல் சீரற்றுப் படிவதாலோ, எங்கள் வண்டியில் நேர்ந்ததுபோல் ஹப்பில் (டிஸ்க் பொருந்தும் சக்கர மையத்தில்) ஏறிய துருவினால் டிஸ்க் சற்றே சாய்ந்து சுழன்று, ஓரிடத்தில் மட்டும் அதிகம் தேய்வதாலோதான் தடிமன் வேறுபட்டு நடுக்கம் பிறக்கிறது. ஆகவே புதிய டிஸ்க்கே போட்டாலும், ஹப்பின் துருவை நன்றாகத் தேய்த்தெடுத்து, டயல் கேஜ் என்னும் நுண் அளவுமானியை வைத்து, சுழலும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் ஆட்டத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள் (அந்தக் கருவியைக் கையில் எடுப்பவர்கள் குறைவு). பொதுவாக அந்த ஆட்டம் 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் நடுக்கம் திரும்பிவிடும். பழைய டிஸ்க்கைக் கடைசல் பிடித்து மேற்பரப்பைச் சமன் செய்வதானால், அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. சக்கர நட்டுகளையும் ஏர் கன்னால் மட்டும் இறுக்கி விட்டுவிடாமல், குறுக்குக் குறுக்காக, டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்க வேண்டும்.