ப்ரீடா தீனியா, இல்ல மாட்டோட வயசா?

இறைச்சி மாட்டுல தசையையும் கொழுப்பையும் எது தீர்மானிக்குதுன்னு கேட்டா "எல்லாம் ப்ரீட் (மாட்டோட இனம்) தான்"னு ஒரு கூட்டம், "எல்லாம் தீனி தான்"னு இன்னொரு கூட்டம், ரெண்டு பேரும் விடாம மல்லுக்கட்டிக்கிட்டே இருக்காங்க. ஜீன் எக்ஸ்பிரஷன், அதாவது எந்த ஜீன் எப்ப எவ்வளவு வேலை செய்யுதுங்கிறது, பத்தி வந்த பேப்பர்களை உக்காந்து படிச்சதுல எனக்குத் தோணுனது என்னன்னா, அந்த மாடு அப்போ எந்த வயசுல, வளர்ச்சியோட எந்தக் கட்டத்துல இருந்துச்சுங்கிறத ரெண்டு கூட்டமுமே கண்டுக்கிறதில்ல.

முதல்ல அடிப்படை. 2009-ல மாட்டோட ஜீனோம், அதாவது டிஎன்ஏ வரிசை, வெளியாச்சு, டாமினெட்ங்கிற ஒரு ஹியர்ஃபோர்ட் பசுவோட டிஎன்ஏ தான் அது, அதுல குறைஞ்சது 22,000 ஜீன் இருக்குன்னு கணக்கு. தசையில இருக்குற செல்லுக்கும் கொழுப்புல இருக்குற செல்லுக்கும் அதே 22,000 தான், ஆனா எது வேலை செய்யுது, எவ்வளவு வேகமா ஆர்என்ஏ (ஜீனோட நகல்) எழுதுதுங்கிறது இடத்துக்கு இடம் மாறும், வேளைக்கு வேளை மாறும். தீனி கை வைக்கிறது அந்த வேகத்துல தான், டிஎன்ஏ எழுத்துலயே கை வைக்கிறதில்ல.

ப்ரீட் பக்கம் ரொம்ப வெளிப்படையான உதாரணம் மயோஸ்டாட்டின். தசை அளவுக்கு மீறி வளராம தடுக்குற ஜீன் இது. பெல்ஜியன் புளூ மாட்டுல இந்த ஜீன்ல 11 எழுத்து காணாமப் போயிருக்கு, அதனால உருப்படியான புரோட்டீனே வராது, பீட்மாண்டீஸ்ல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுனதுலயே ஜீன் படுத்துடுச்சு. இதைக் கண்டுபிடிச்சது 1997-ல. அந்த மாட்டைப் பாத்தாலே தெரியும், உடம்பு பூரா தசை உருண்டு திரண்டு நிக்கும், கொழுப்பு ரொம்பக் கம்மி. அதுக்கு எவ்வளவு தானியம் கொட்டுனாலும் ஜப்பானோட வாக்யு மாடு மாதிரி தசைக்குள்ள கொழுப்பு ஓடாது, சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்.

இப்ப தீனிக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது தான். நமக்கு கொழுப்பு தயாரிக்கிற வேலைல கல்லீரலுக்குப் பெரிய பங்கு இருக்கு, மாட்டுக்கு அப்படி இல்ல, கொழுப்புத் திசுவே தனக்கு வேண்டியதத் தயாரிச்சுக்குது. புல்லு, வைக்கோல் மாதிரி நார்த்தீவனம் தின்னா ரூமன்ல (தீனி நொதிக்கிற பெரிய வயிறு) அசிட்டேட்ங்கிற அமிலம் அதிகமா வரும், தானியம் தின்னா புரோப்பியோனேட்ங்கிற இன்னொரு அமிலத்தோட பங்கு ஏறும், இந்த புரோப்பியோனேட் கல்லீரலுக்குப் போய் குளுக்கோஸா மாறும், இன்சுலின் ஏறும், இன்சுலின் ஏறுனா எஸ்ஆர்இபிஎஃப்1ங்கிற ஜீன் முழிச்சுக்கிட்டு கொழுப்பு அமிலம் கட்டுற ஃபாஸ்என் மாதிரி ஜீன்களை முடுக்கி விடும். தோலுக்கு அடியில இருக்குற கொழுப்பு அசிட்டேட்டையும் தசைக்குள்ள இருக்குறது குளுக்கோஸையும் விரும்பும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, பின்னாடி வந்த சில வேலைகள் அந்தப் பிரிவை அவ்வளவு கறாரா ஒத்துக்கல.

அப்புறம் எஸ்சிடிங்கிற ஜீன். புல்லுல இருக்குற நல்ல நிறைவுறாக் கொழுப்பை ரூமன்ல இருக்குற பாக்டீரியா பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலம்ங்கிற நிறைவுற்ற கொழுப்பாக்கி விட்டுடும். இந்த எஸ்சிடி தயாரிக்கிற என்சைம் (வேலையச் செய்யுற புரோட்டீன்) தான் அந்த ஸ்டியரிக்கை ஒலியிக்ங்கிற நிறைவுறாக் கொழுப்பா மாத்துது. ஸ்டியரிக் உருக கிட்டத்தட்ட 69 டிகிரி வேணும், ஒலியிக் 13 டிகிரி பக்கத்துலயே உருகிடும், வாக்யு கொழுப்பு வாயில வச்சதும் கரையுறதுக்குப் பெரிய காரணம் இது தான். ஆளிவிதை மாதிரி ஒமேகா 3 அதிகமான தீனி குடுத்தா எஸ்சிடியோட வேகம் குறையுது. ஆக ஒமேகா 3 ஏத்தணும்னு குடுக்குற தீனியே ஒலியிக் பக்கம் லேசா பிரேக் போடுது, ரெண்டும் சேத்து வேணும்னா அவ்வளவு ஈசி இல்ல.

வைட்டமின் ஏ கதையும் இதே மாதிரி தான். அதுலேர்ந்து வர்ற ரெட்டினாயிக் அமிலம், கொழுப்பு செல்லா மாறப்போற இளம் செல்லை மாற விடாது, அந்த மாற்றத்தை நடத்துற பிபிஏஆர்ஜி ஜீனை அடக்கி வைக்கும். அதனால தான் ஜப்பான்ல வாக்யு வளர்க்குறவங்க கொழுக்க வைக்கிற நடுக்கட்டத்துல, வைட்டமின் ஏ குறையணும்னு, பச்சைத் தீவனத்தக் குறைச்சு வைக்கோலுக்குப் போவாங்க, ரொம்ப இழுத்தா மாட்டுக்கு மாலைக்கண் வரும், அந்த ரிஸ்க்கும் இருக்கு (எனக்கு இது கொஞ்சம் உறுத்தல் தான், ருசிக்காக கண்ணையா பணயம் வைக்கிறது).

நடுக்கட்டம்னு சொன்னேன்ல, அங்க தான் வயசு உள்ள வருது. தசை நார்களோட எண்ணிக்கை கன்னு பொறக்குறதுக்கு முன்னாடியே முடிவாகிடும், அதனால சினையா இருக்கும்போது தாய்ப்பசு பட்டினி கிடந்துச்சுன்னா பின்னாடி என்ன போட்டாலும் அந்த எண்ணிக்கை கூடாது. தசைக்குள்ள கொழுப்பு செல் உருவாகுறது சினையோட கடைசிக் கட்டத்துலேர்ந்து பொறந்து எட்டு மாசம் வரைக்கும் மும்முரமா நடக்கும். அப்ப சத்தா தீனி குடுத்தா பலன் வருது, அதையே ரொம்ப லேட்டா குடுத்தா இருக்குற செல் தான் பெருசாகும், கூடவே தோலுக்கடியிலயும் கொழுப்பு ஏறி வேஸ்ட் ஆகும்.

அதனால தான் ப்ரீட் கம்பேரிசன் பேப்பர் எதை எடுத்தாலும் நான் முதல்ல பாக்குறது மாடுகளை ஒரே வயசுல வெட்டுனாங்களா, ஒரே எடையிலயா, ஒரே கொழுப்பு அளவுலயாங்கிறது. ஆங்கஸ் சீக்கிரம் முதிர்ற மாடு, சாரோலே லேட்டா முதிரும். ரெண்டையும் ஒரே வயசுல எடுத்து "ஆங்கஸ்ல கொழுப்பு ஜீன் அதிகம்"னு எழுதுனா அதுல பாதி ப்ரீட், பாதி வெறும் முதிர்ச்சி, எது எவ்வளவுன்னு பிரிக்கவே முடியாது. வெட்டுன அன்னைக்கு ஒரே ஒரு சாம்பிள் எடுத்தா இன்னும் மோசம், செல்கள் உருவான காலமெல்லாம் எப்பவோ போயிருக்கும், உயிரோட இருக்கும்போதே முதுகுத் தசையிலேர்ந்து பயாப்ஸி (சின்னத் துண்டு) எடுத்து பல மாசம் தொடர்ந்து பாத்த வேலைகளைத் தான் நான் நம்புறேன். அதுலயும் ஆர்என்ஏ ஏறுனதுனால மட்டும் என்சைமும் அதே அளவு ஏறுச்சுன்னு எடுத்துக்க முடியாது, நிறைய பேப்பர்ல அந்த என்சைமை அளந்தே பாக்கறதில்ல.