பச்சை எரிந்தால் போதுமா?

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே செயலிகளின் திரைகளை வடிவமைப்பது என் தொழில். இப்போது, திருநெல்வேலி டவுணில் உள்ள ஒரு மொத்தக் கடையின் கணக்கைத் தென்காசிக் கிளையிலிருந்து திறப்பதற்கான விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பாதுகாப்பான தனி வழி) செயலிக்கு முகப்பு அமைத்து வருகிறேன். அதைப் பயன்படுத்துபவர் கிளையில் கணக்கு எழுதும் அண்ணாச்சி. பேரேட்டில் ஒரு பைசா பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் புரோட்டோகால் என்ற சொல்லை அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முதல் வாரத்திலேயே போன் வந்தது. "தம்பி, பச்சை எரியுதுல்லா, பெறவு ஏன் கணக்கு தொறக்க மாட்டேங்கு?"

தவறு என் திரையில்தான் இருந்தது; சுவிட்சைப் போட்டதுமே அதில் பச்சை எரிந்துவிடும். நாங்கள் பயன்படுத்தும் வயர்கார்டு, விபிஎன் வழியை அமைக்கும் ஒரு முறை; 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், அதன் 5.6 பதிப்பில் இடம்பெற்றது. அனுப்புவதற்கு எதுவும் இல்லாதபோது அது மௌனமாகவே இருக்கும். சுவிட்சைத் தள்ளியதும் போனுக்குள் வழி திறந்துவிடுகிறது, ஆண்ட்ராய்டின் மேல்பட்டையில் சாவிக் குறியும் வந்துவிடுகிறது. டவுணில் கரண்ட் போய் சர்வர் அணைந்து கிடந்தாலும் இவை இரண்டும் அப்படியே நிற்கும். அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார் என்பதை மட்டும் அறிந்த செயலி, கணக்கு கிடைத்துவிட்டது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுமுனை கடைசியாக எப்போது பதில் தந்தது என்பதைப் பார்த்து நிறத்தை மாற்றலாம் என்று முதலில் நினைத்தேன். தகவல் போய்வந்துகொண்டிருக்கும்வரை ஏறத்தாழ 2 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய ஹேண்ட்ஷேக் நடக்கும், அதாவது இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்த்து, தகவலைப் பூட்டும் தற்காலிகச் சாவியைப் புதுப்பிக்கும்; 180 வினாடியைத் தாண்டிய தற்காலிகச் சாவி செல்லாது. ஆனால், அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் ஹேண்ட்ஷேக் பழையதாகிவிடுவது பழுது ஆகாது. ஆகவே செயலியைத் திறக்கும்போதெல்லாம் கணக்கு சர்வரிடம் ஒரு சிறு கேள்வி அனுப்பி, பதில் வந்த பிறகே பச்சையைக் காட்டும்படி மாற்றினேன். பதில் வராவிட்டால், நெட் இல்லையா, சர்வர் பேசவில்லையா என்பதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முன்னதற்கு பிராட்பேண்ட்காரரையும் பின்னதற்கு டவுண் கடையையும் அழைக்க வேண்டியவர் அவரே.

1420 என்ற எம்டியூ (ஒரு தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு), போர்ட் எண் போன்ற தொழில்நுட்ப விவரங்களை முகப்பிலிருந்து எடுத்துத் தனிப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அமைப்புக்கான க்யூஆர் குறியின் அடியில் மட்டும், இதற்குள் உங்கள் ரகசியச் சாவி இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். இந்த ஒரு எச்சரிக்கையில் சுருக்கம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சொற்களுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. "இணைக்கப்பட்டது" என்று போட்டிருந்ததை அண்ணாச்சி வாய்விட்டுப் படித்து, "யாரோட?" என்று கேட்டார். இப்போது அந்த இடத்தில் "டவுண் கணக்கு திறந்திருக்கிறது" என்று இருக்கிறது.