மலைச்சாலை லாரிக்குச் சிலிண்டர் ஹெட் தேர்ந்தெடுத்த அனுபவம்

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் எங்கள் டாடா லாரி காய்கறியும் ஜல்லியும் ஏற்றி ஓடுகிறது. அதிலுள்ள கம்மின்ஸ் 6பிடி எஞ்சினுக்குச் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக அமர்ந்து வால்வுகளைத் தாங்கும் பாகம்) மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, எந்த ஹெட்டை வாங்குவது என்று விசாரித்து முடிவெடுத்த விதத்தை இங்கே எழுதுகிறேன். இதே எஞ்சினை இதே மலையில் ஓட்டுகிறவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புளியரை வளைவுகளில் முழுச் சுமையுடன் ஏறும்போது டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே நின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஓடவிட்டால் தண்ணீரில் குமிழிகள் விடாமல் எழுந்தன; சிலிண்டருக்குள்ளிருக்கும் வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்பதற்கு அது அடையாளம். தென்காசியில் எங்கள் லாரியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. லேத் பட்டறையில் ஹெட்டின் தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தபோதுதான் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வும் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் மூடும்போது அமரும் சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் இருப்பது தெரிந்தது. இந்த எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வார்ப்பிரும்பு ஹெட் என்பதால், ஒரு சிலிண்டரில் விரிசல் விட்டாலும் முழு ஹெட்டையும் பற்றியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வெல்டிங் செய்வது குறித்துக் கேட்டோம். வார்ப்பிரும்பை முழுவதுமாகச் சூடேற்றி, பற்றவைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர் கையில் அது நிற்கும். அவசரமாகச் செய்தால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் கிளம்பும். நாளும் மலையேறும் வண்டிக்கு அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஹெட் எத்தனை முறை ஃபேசிங் (முகப்பைச் சீவி மட்டமாக்குவது) செய்யப்பட்டதென்று கனத்தை அளந்தால்தான் தெரியும். ஆகவே புதியது என்று தீர்மானித்தோம். அங்கேதான் உண்மையான தேர்வு தொடங்கியது.

கடைக்காரர் ஒருவர், வால்வு பெரிதாக்கி, காற்றும் புகையும் செல்லும் வழியான போர்ட்டைக் குடைந்து அகலமாக்கிய ஹெட்டைப் பரிந்துரைத்தார். ‘இதைப் போட்டால் வண்டி பறக்கும் அண்ணாச்சி’ என்றார். அவர் சொன்னது பொய்யன்று. எஞ்சின் அதிக வேகத்தில் சுழலும்போது கூடுதல் காற்றை இழுக்கும். ஆனால் எங்கள் வண்டி மலையில் வேலை செய்வது நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளை ஒட்டிய வேகத்தில். அங்கே காற்றை டர்போ தள்ளிக் கொடுக்கிறது. அதோடு, நேரடியாக டீசல் பீய்ச்சும் இந்த வகை எஞ்சினில், உள்ளே வரும் காற்றைச் சுழலவைத்து அனுப்பும்படி இன்டேக் போர்ட்டின் வளைவு அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுழற்சிதான் டீசலைக் காற்றோடு கலக்கிறது. போர்ட்டைக் கண்மூடித்தனமாகக் குடைந்தால் காற்றின் சுழற்சி குறைந்து, குறைந்த வேகத்தில் கரும்புகை வரும். கூடுதல் காற்றுக்குப் பலன் வேண்டுமானால் பம்பில் டீசல் அளவையும் கூட்ட வேண்டும். அப்போது எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறி, எந்த இடத்தில் விரிசல் வந்ததோ அதே இடத்தில் மீண்டும் சூடு குவியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் எங்களுக்குத் தேவையான மேம்பாடு எது? மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேசியபோது ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பற்றியே அதிகம் பேசினோம். ஆரியங்காவிலிருந்து தென்மலைக்குச் சுமையோடு இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கைத்தான் பெரிதும் நம்புகிறோம். அது எக்ஸாஸ்ட் குழாயை அடைக்கும்போது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டில் அழுத்தம் தேங்குகிறது; காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக் ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவாக இருக்கும் நேரத்தில், அந்தத் தேங்கிய அழுத்தம் எக்ஸாஸ்ட் வால்வின் முதுகில் தள்ளி, மூடியிருக்க வேண்டிய வால்வைச் சற்றே திறக்கப் பார்க்கிறது. வால்வை மூடிப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு திறந்து, மறுகணம் சீட்டில் அறைந்து மூடும். இது ஒவ்வொரு இறக்கத்திலும் ஆயிரக்கணக்கான முறை நடந்தால் சீட் என்னவாகும்! பழைய ஹெட்டின் எக்ஸாஸ்ட் சீட்டுகள் பள்ளமாகத் தேய்ந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று மெக்கானிக் காட்டியபோது எனக்கு விஷயம் முழுவதும் விளங்கிவிட்டது. எனவே எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு ஏற்ற, ஓரளவு கூடுதல் அழுத்தமுள்ள ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கினோம். பந்தய வண்டிக்குரிய மிகக் கடினமான ஸ்பிரிங் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னோம். அது வால்வைத் திறக்கவைக்கும் கேம் மடல்களையும், அவற்றோடு உரசி நகரும் டேப்பட்டுகளையும் தின்றுவிடும்.

அடுத்ததாகப் பார்த்தது சீட். ஹெட்டின் வார்ப்பிலேயே கடைந்த சீட்டைவிட, கடினமான உலோகக் கலவையில் செய்து அழுத்திப் பதித்த எக்ஸாஸ்ட் சீட் உள்ள ஹெட்டையே தேர்ந்தெடுத்தேன். தேய்ந்தால் சீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வால்வும் போர்ட்டும் பழைய அளவிலேயே இருந்தன. விலையில் வேறுபாடு இருக்கத்தான் செய்தது. அது ஒரு லோடு வழியில் நின்று காய்கறி அழுகினால் வரும் நட்டத்தைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றவில்லை.

புதியது என்பதற்காக அப்படியே மாட்டவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த ஹெட்டையும் அதே வெந்நீர்த் தொட்டியில் சோதித்தோம். நேர்க்கோலையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் வைத்து மட்டம் பார்த்தோம். ஒவ்வொரு வால்வும் முகப்பிலிருந்து எவ்வளவு உள்ளே அமர்ந்திருக்கிறது என்று டயல் கேஜில் அளந்தோம். பிளாக்கின் முகப்பையும் அப்படியே அளந்தோம். பிளாக் கோணியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஹெட்டும் கேஸ்கெட்டைக் காப்பாற்றாது. டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் பழைய செப்பு வாஷர் ஒட்டியிருக்கவில்லை என்பதையும், புதிய வாஷர் சரியான கனம்தான் என்பதையும் உறுதி செய்தோம். கனம் மாறினால் இன்ஜெக்டரின் நாசில் முனையின் உயரம் மாறி, டீசல் பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கம்பெனி சொன்ன வரிசைப்படி முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கி, கடைசிச் சுற்றைக் கோணக் கணக்கில் முடித்தார்கள். டேப்பட் இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி) எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்டேக்கிற்கு 0.25 மி.மீ., எக்ஸாஸ்டிற்கு 0.50 மி.மீ. என வைத்தோம்.

விரிசலுக்கு வழிவகுத்த வெப்பத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் செல்வதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும், ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போட்டோம். ஓடைத் தண்ணீரை ஊற்றும் வழக்கத்தை நிறுத்தி, கூலன்ட் கலந்த நீரையே பயன்படுத்துகிறோம். ஏற்றம் முடிந்ததும் எஞ்சினைச் சட்டென்று அணைக்காமல், சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, டர்போவும் ஹெட்டும் ஆறிய பிறகே அணைக்கும்படி டிரைவர் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது புளியரை ஏற்றத்தில் முள் தன் இடத்திலேயே நிற்கிறது. அடுத்த முறை டேப்பட் கவரைத் திறக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். குறைந்திருந்தால், வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது என்றே கொள்ள வேண்டும்.