நேரத்துக்கு முன் அடித்த மணி

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவில் இருந்து தொலைபேசி எடுத்தவர், "அண்ணை, எங்கட பள்ளிக்கூடத்து பிக் மட்ச் கிரிக்கெட் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ" என்றார். அதை எழுத என்னை விடக் கெட்டிக்காரர் கனடாக் கிளையில் நிறையப் பேர். நான் கோட்டுக்கு வெளியே நின்று தகரம் தட்டியவன் மட்டுமே. என்னிடம் இருப்பது 1990 மே மாதம் எங்கள் பள்ளிக்கூட மேல்மாடி மண்டபத்தில் நடந்த ஒரு விவாதம்.

அப்போது யாழ்ப்பாணம் ஒரு மாதிரியான அமைதியில் கிடந்தது. மார்ச் 24இல் கடைசி இந்தியச் சிப்பாய்களும் திருகோணமலையில் கப்பல் ஏறிவிட்டார்கள். கோட்டைக்குள்ளும் பலாலியிலும் இலங்கை இராணுவம், மிச்சமெல்லாம் இயக்கம், அதாவது புலிகள். ஜனாதிபதி பிரேமதாசாவோடு அவர்களுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் அரசியல் மாஸ்ரர் உயர்தர மாணவர் ஒன்றியத்துக்குத் தலைப்புக் கொடுத்தார்: "இந்திய இராணுவம் இங்கு நடத்திய போருக்கு அரசியற் பொறுப்பு அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனாவுக்கா, இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்திக்கா?"

"ரெண்டு பேரும் கதிரையால இறங்கிட்டினம். பயப்பிடாமல் பேசலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது விளங்கவில்லை.

சீட்டுக் குலுக்கியதில் ராஜீவைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 1987 ஒக்ரோபரில் கொக்குவிலில் இருந்து ஓடி, நல்லூர்க் கோயிலில் அகதியாகப் படுத்துக் கிடந்த குடும்பம் எங்களுடையது. 11ஆம் திகதி இரவு யாழ். பல்கலைக்கழக வளாகப் பக்கம் ஹெலிகள் இறங்கிய சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அதில் வந்திறங்கிய இந்திய இராணுவச் சீக்கியப் பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்த கதை பிறகுதான் தெரியவந்தது.

"சுட்டவனைத் தேடாதையுங்கோ. சுடுற இடத்துக்கு அனுப்பினவனைத் தேடுங்கோ" என்பதுதான் மாஸ்ரர் சொல்லித் தந்த ஒரே பாடம். வாசிகசாலையில் பழைய பத்திரிகைக் கட்டுகளை அவிழ்த்து வைத்துக்கொண்டு தேடினேன். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இந்தியப் படையைக் கூப்பிட்டவர் ஜே.ஆர்.; அதனால் தன் படையைத் தெற்கில் கிளர்ச்சி செய்த ஜே.வி.பி.யின் பக்கம் திருப்ப முடிந்ததும் அவருக்குத்தான். கடலில் பிடிபட்ட இயக்கத் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் முதலானோரைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் பிடிவாதம் பிடித்தது அவருடைய அரசு. ஒக்ரோபர் 5இல் பலாலியில் சயனைட்டால் 12 பேர் போனார்கள். ஒரு கிழமைக்குள் இயக்கத்துக்கும் இந்தியப் படைக்கும் போர். "சண்டையை அடுத்த வீட்டுக்காரன் தலையில் கட்டிவிட்டுத் திண்ணையில் இருந்து பார்த்தவர் ஜே.ஆர்." என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

எதிரணியில் என் வாங்குத் தோழன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. கூப்பிட்டது கொழும்பு என்றாலும் அமைதிப் படைக்குச் சண்டை பிடிக்கக் கட்டளை கொடுத்தது டில்லிதானே என்று கேட்டான். தீபாவளியன்று யாழ். ஆஸ்பத்திரிக்குள் படை புகுந்ததில் டாக்குத்தர்மார், தாதிமார், நோயாளர் என்று 60 பேருக்கு மேல் மாண்டார்களே, அதற்காக எந்த மந்திரி பதவி விலகினார் என்றான். பிறகு, யாரும் எதிர்பாராத ஒன்று: "இங்கை வந்து செத்த ஆயிரத்துச் சொச்சம் இந்தியப் பெடியளுக்கும் ராஜீவ்தான் பதில் சொல்லவேணும்." கைதட்டவே மறந்து இருந்தது மண்டபம். நான் தோற்றது எனக்கு அப்பவே தெரியும்.

கேள்வி நேரத்தில் பின்வாங்கில் இருந்து பதினோராம் வகுப்புப் பெடியன் ஒருவன் எழும்பினான். மெலிந்த உருவம், கையில் ஒரு கொப்பி.

"சேர், ரெண்டு பகுதியும் சொன்னது சரி. ஆனா சண்டை எண்டால் ரெண்டு பக்கம் வேணுமெல்லே? எங்கட பக்கத்தில ஆருக்கும் ஒரு பொறுப்பும் இல்லையோ?"

மாஸ்ரர் மணியை அடித்தார். கேள்வி நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் என் பக்கத்தில்தான் இருந்தான். தீர்ப்பை அடுத்த கூட்டத்தில் சொல்வதாகச் சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஜூனில் இயக்கத்துக்கும் இலங்கை இராணுவத்துக்கும் மறுபடி போர். அடுத்த கூட்டம் நடக்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஸ்காபரோவில் மகள் வீட்டுக்கு வந்திருந்த மாஸ்ரரைப் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி குடித்தபடி, "சேர், அந்தத் தீர்ப்பு இன்னும் வரேல்லை" என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பெடியன் இப்ப எங்கை இருக்கிறான் எண்டு உனக்குத் தெரியுமே?"

"தெரியாது சேர்."

"நானும் எத்தினை பேரிட்டை விசாரிச்சுப் பாத்திட்டன்" என்றவர், கோப்பையைக் கீழே வைத்தார்.