தம்பி எவ்விடம்?

“தம்பி எவ்விடம்?” என்று பெரியவர் கேட்டபோது கத்தி அவருடைய தொண்டையருகே இருந்தது. அந்த நேரத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. கையை நிறுத்தி, “கொழும்புதான், சேர்,” என்றேன்.

“தொழில் எங்கே பழகினீர்?”

“இங்கேதான். லண்டன் முறைப் பயிற்சி.”

இவ்வளவுதான். இரண்டு மாதமாகிவிட்டது, இன்னும் விட்டபாடில்லை.

பொய் என்று சொல்ல முடியாது. நான் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். பயிற்சியும் தந்தார்கள், மூன்று வாரம். சுடுதுவாயை எப்படி மடிப்பது, வாடிக்கையாளரிடம் எந்தக் கதையைச் சொல்வது என்பதெல்லாம் அதில் அடக்கம். 1805 இல் லண்டனில் தொடங்கிய ட்ரூஃபிட் அண்ட் ஹில் என்ற சலூன் இன்றும் நடக்கிறது; அந்த ஊரில் 1540 முதல் 1745 வரை நாவிதரும் சத்திரசிகிச்சை செய்பவரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள்; கடைவாசல் கம்பத்தின் சிவப்பு இரத்தம், வெள்ளை கட்டுத்துணி. தோல் நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர்கள் இதைக் கேட்டு மகிழ்கிறார்கள். நம் பழைய பேச்சிலும் பரியாரி என்றால் வைத்தியரும் உண்டு, நாவிதரும் உண்டு. அதைச் சொல்லச் சொல்லி யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை.

கத்தி பிடிக்கக் கற்றுத்தந்தவர் அப்பா. ஊதிய பலூனில் நுரை பூசி வழிக்கச் சொன்னார். எத்தனை பலூன் வெடித்தது என்று கணக்கில்லை. முடி படிந்த திசையில் ஒருமுறை, பிறகு குறுக்கே ஒருமுறை. கழுத்தில் முடி சுழித்து வளரும் இடத்தில் கத்தியோடு மல்லுக்கட்டாதே, இடக்கை விரலால் தோலை இழுத்துக் கொடு. கடைசியில் ஈரப் படிகாரம். அது எரிந்தால் உன் கை பாரம் என்பார். இன்றும் வாடிக்கையாளரின் முகச்சுளிப்பைப் பார்த்துத்தான் என் கையை எடைபோடுகிறேன்.

பெரியவர் முகம் சுளிக்கவில்லை. எழுந்து கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கொட்டாஞ்சேனையில் முன்பு ஒருவர் இருந்தார். இப்படித்தான் விரல் வைப்பார்,” என்றார். நான் துவாயை மடித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மடித்த துவாய்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் “எவ்விடம்” என்று கேட்டால் அது ஊரோடு நிற்காது என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். ஊர், பிறகு ஒழுங்கை, பிறகு யாருடைய மகன். தாத்தா வீடு வீடாகச் சென்று சவரம் செய்தவர். எந்த விறாந்தையிலும் ஏறியதில்லை, முற்றத்து மரநிழல்தான். அப்பா கொழும்புக்கு வந்ததே அந்தக் கேள்வியிலிருந்து தப்பத்தான். லண்டன்காரரின் இருநூறு ஆண்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். எங்கள் மூன்று தலைமுறைக்கு வேறு பெயர் உண்டு. அதனால்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அன்று காலையில் ஒரு வெள்ளைக்காரர் இதையே கேட்டார். அவருக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். அவருக்கு எங்கள் ஒழுங்கையைப் பற்றி என்ன தெரியும்?

அந்த ‘ஒருவர்’ அப்பாதானா என்பதும் நிச்சயமில்லை. கொட்டாஞ்சேனையில் சலூனுக்கா பஞ்சம்?

அப்பாவுக்கு இப்போது கை நடுக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவருக்குச் சவரம் செய்துவிடுகிறேன். இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். “நீ என்ன சொன்னாய்?” என்றுதான் முதலில் கேட்பார்.

பெரியவர் வரும் வெள்ளிக்கிழமைக்கு மறுபடியும் பதிந்திருக்கிறார், என் பெயரைச் சொல்லி. அந்த நேரத்தை வேறு ஒருவருக்கு மாற்ற முடியுமா என்று முகாமையாளரிடம் கேட்டேன். அவர் பேனாவை எடுத்ததும், வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.