விடை சரி, மதிப்பெண் இல்லை

செப்டம்பரில் பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் ஹானர்ஸ் (வழக்கமானதைவிடக் கடினமான) ஜியாமெட்ரி, டிரிக்னாமெட்ரி வகுப்பில் சேர்ந்த பிள்ளையின் முதல் சிறுதேர்வுத்தாள் வீட்டுக்கு வரும். எக்ஸ் = 12. விடை சரி. பக்கத்தில் 5-க்கு 2. ஊரில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது சுருக்கென்று தைக்கும். கேள்வியைத் திரும்பப் படித்தால் காரணம் தெரியும். கேட்டது எக்ஸ் அல்ல, கோணம். 12-ஐ 3எக்ஸ் + 10-இல் போட்டு 46 டிகிரி என்று முடித்திருக்க வேண்டும். 3எக்ஸ் + 10 = 5எக்ஸ் − 14 என்று சமன்படுத்தியதற்கு 'குத்தெதிர்க் கோணங்கள் சமம்' என்ற காரணமும் எழுதவில்லை.

முதல் நாள் கொடுத்தனுப்பும் வகுப்பு விதிமுறைத் தாளிலேயே இதெல்லாம் இருக்கும். பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டிய தாள் அது, படித்துவிட்டுப் போடுங்கள். மதிப்பெண் பங்கீடு பள்ளிக்குப் பள்ளி மாறினாலும், பெரும்பங்கு தேர்வுகளுக்குத்தான். வீட்டுப்பாடத்துக்குச் சிறு பங்கு. அதிலும் விடையைவிட வழிமுறைதான் பார்க்கப்படும். அல்ஜீப்ரா கையோடு வர வேண்டும்: காரணிப்படுத்தல், √72-ஐ 6√2 என்று சுருக்குதல். இதையெல்லாம் வகுப்பில் மறுபடி சொல்லித்தர மாட்டார்கள். 90-க்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி என்பது பொதுவான கணக்கு. 'மறுதேர்வு உண்டா' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். சில ஹானர்ஸ் வகுப்புகளில் கிடையாது.

பிள்ளைகள் உண்மையில் திணறுவது நிரூபணத்தில்தான். ஊரில் நாம் தேல்ஸ் தேற்றத்தைத் தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று வரிசை மாறாமல் மனப்பாடம் செய்து, தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்போம். இங்கே தேர்வில் வருவது பிள்ளை அதுவரை பார்த்திராத படம். இடப்பக்கம் கூற்று, வலப்பக்கம் காரணம் என்று இரண்டு பத்தி.

ஏபிசி முக்கோணத்தில் ஏபி = ஏசி, டி என்பது பிசியின் நடுப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். பி, சி கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும். ஏடியை இணைத்தால் இரண்டு முக்கோணம். ஏபி = ஏசி, தரவு. பிடி = சிடி, நடுப்புள்ளியின் வரையறை. ஏடி = ஏடி, பொதுப்பக்கம். ஆகவே ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிப்படி ஏபிடி, ஏசிடி சர்வசமம், அதாவது வடிவும் அளவும் ஒன்றே. அதற்குப் பிறகே ஒத்த கோணங்கள் சமம்.

இதில் நம் பிள்ளைகள் முதலில் விடுவது பொதுப்பக்க வரி. 'கண்ணுக்கே தெரிகிறதே!' என்பார்கள், எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். அடுத்தது, நடுப்புள்ளி என்றதும் ஏடியைச் செங்குத்து என்று படத்தைப் பார்த்தே முடிவு கட்டுவது. முனைகளின் வரிசையும் முக்கியம்: ஏபிடிக்கு இணை ஏசிடிதான், ஏடிசி என்று எழுதினால் தவறு. ப-ப-கோ (பக்கம்-பக்கம்-கோணம்) என்றொரு சர்வசம விதி கிடையாது. செங்கோண முக்கோணத்தில் கர்ணமும் ஒரு பக்கமும் தெரிந்தால் மட்டும் செல்லும். இன்னொன்று பெற்றோருக்கே புதிது. 2010-இல் வந்த காமன் கோர் என்ற அமெரிக்கப் பொதுப் பாடத்திட்டம் சர்வசமத்தை இடப்பெயர்வு, சுழற்சி, பிரதிபலிப்பு வழியாகத்தான் வரையறுக்கிறது. 'ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்' என்று நாம் சொல்லிக்கொடுத்தால் போதாது, எந்த நகர்வால் பொருந்துகிறது என்று பிள்ளை எழுத வேண்டும்.

நிரூபணம் தானாக வர ஆரம்பித்துவிட்டால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! மனப்பாடத்தில் நமக்குக் கிடைக்காத சந்தோஷம் அது.

அடி, அங்குலம், ஃபாரன்ஹீட் எல்லாம் நமக்கும் பழகித்தான் போயிற்று. ஆனால் கவராயத்தைக் கையில் எடுத்ததும் மனசு ஊருக்கு ஓடிவிடும். சீவி ஊசியாக்கிய பென்சில், உதவிப்படம், பத்தாம் வகுப்புச் செய்முறை வடிவியல். சரஸ்வதி பூஜையன்று ஜியாமெட்ரி பாக்ஸும் புத்தகங்களோடு அடுக்கில் ஏறும், மறுநாள் வரை தொடக்கூடாது. இங்கே அந்த வாரம் இணைகோடுகள் தேர்வு வந்துவிடும்; புத்தகத்துக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு உடனே எடுத்துப் படிக்க வேண்டியதுதான். வரையும் முறையும் வேறு. 6 செ.மீ. என்று அளந்து போடுவதில்லை. கோணமானியைத் தொட்டாலே தவறு. கவராயமும் அளவில்லாத நேர்விளிம்பும் மட்டும்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று வில்களை அழித்துவிட்டால் மதிப்பெண் போய்விடும், அவைதான் சாட்சி.

டிரிக்னாமெட்ரியில் கால்குலேட்டர் உண்டு. சைன், டான் மதிப்புகளுக்குக் கிளார்க் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிய தலைமுறைக்கு அது பொறாமையாக இருக்கும். ஆனால் வம்பும் அதில்தான். 40 அடி தள்ளி, தரை மட்டத்திலிருந்து மர உச்சியை 37 டிகிரி ஏற்றக்கோணத்தில் பார்த்தால் உயரம் 40 × டான் 37, அதாவது 30.1 அடி. கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற இன்னொரு கோண அளவில் இருந்தால் மைனஸ் 33.6 என்று காட்டும். டான் 37-ஐ நடுவிலேயே 0.8 என்று முழுமையாக்கினால் 32 வரும். கடைசி வரியில் மட்டுமே முழுமையாக்க வேண்டும். 30-60-90 முக்கோணம் வந்தால் 5√3 என்றே விடுங்கள். சரியான மதிப்பைக் கேட்ட இடத்தில் தோராயமான 8.66 செல்லாது.

ஊரில் சந்தேகம் என்றால் விடிகாலை டியூஷன். இங்கே பள்ளி முடிந்ததும் அதே ஆசிரியர் காசில்லாமல் சொல்லித்தருவார், பிள்ளைதான் மின்னஞ்சல் எழுதி நேரம் கேட்க வேண்டும். நீங்கள் எழுதாதீர்கள். 'புரியலை' என்று வெறுங்கையோடு போகாமல், எந்த வரி வரை வந்தது, எந்தக் காரணம் கிடைக்காமல் நின்றது என்று எழுதிய தாளோடு போகச் சொல்லுங்கள்.