ஆபர்ன் அவென்யூவை மேற்கிலிருந்து நடப்பது

அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காரை ஆபர்ன் அவென்யூவின் கிழக்குப் பக்கம் நிறுத்துவார்கள். வீடு, கல்லறை, எபனேசர் தேவாலயம் எல்லாம் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். வார இறுதிகளில் இந்தத் தெருவில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து கதை சொல்வது என் வேலை (வாரநாட்களில் எல்லாரையும் போலக் கம்ப்யூட்டர்தான்). என் குழுவை மட்டும் மேற்கு முனைக்கு, பீச்ட்ரீ தெருப் பக்கம் வரச் சொல்வேன். சிலருக்கு இதில் எரிச்சல். "கிங் வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று தொடக்கத்திலேயே கேட்பார்கள். ஒன்றரை மைல்கூட இல்லை. ஆனால் வீட்டிலிருந்து தொடங்கினால் அது ஒரே ஒரு மனிதரின் கதையாகிவிடுகிறது, எங்கிருந்தோ ஒரு மேதை வந்து குதித்த மாதிரி. மேற்கிலிருந்து வந்தால், அவர் பிறப்பதற்கு முன்பே இந்தத் தெரு தன் காலில் நின்றிருந்தது தெரியும்.

அதனால் நான் பேச்சைத் தொடங்குவது ஒரு சலூனில். அலோன்சோ ஹெர்ன்டன் 1858-இல் அடிமையாகப் பிறந்தவர். பீச்ட்ரீ தெருவில் அவர் வைத்த சலூனில் முடி வெட்டியவர்கள் கறுப்பர்கள், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வெள்ளையர்கள். அந்தத் தொழிலில் சேர்த்த பணத்தில்தான் 1905-இல் அட்லாண்டா லைஃப் இன்சூரன்ஸுக்கு அடித்தளம் போட்டார். மறு வருஷம் செப்டம்பரில் வெள்ளையர் கும்பல்கள் நகரின் நடுவில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்துக் கொன்றன. ஹெர்ன்டனின் சலூனும் தப்பவில்லை. அதற்கப்புறம் கறுப்பர்களின் வியாபாரம் நகர நடுவிலிருந்து ஒதுங்கி ஆபர்னில் வந்து குவிந்தது. 1928-இல் அட்லாண்டா வேர்ல்ட் பத்திரிகை, 1949-இல் கறுப்பர் ஒருவருக்குச் சொந்தமான நாட்டின் முதல் வானொலி நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1956-இல் ஃபார்ச்சூன் பத்திரிகை உலகிலேயே பணக்காரக் கறுப்பர் தெரு என்று இதை எழுதியது. போராட்டம் என்றால் பேரணியும் பேச்சும் மட்டும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஜாமீன் பணம் யாராவது கட்ட வேண்டும், நோட்டீஸ் யாராவது அச்சடிக்க வேண்டும் அல்லவா?

பிக் பெத்தேல் தேவாலயத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலைப் பாலம் வரும். அதற்கு அடியில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, அதனால் சொல்ல வேண்டியதை முன்பே நின்று சொல்லிவிடுவேன். நகரின் குறுக்கே நெடுஞ்சாலை போட வந்தவர்கள் இந்தத் தெருவை இரண்டாக வெட்டிவிட்டார்கள், வீடுகளும் கடைகளும் போயின. "இவ்வளவு பணக்காரத் தெரு ஏன் இப்படிப் பாழடைந்து கிடக்கிறது?" என்ற கேள்வி வராத நாளே இல்லை. இனப்பாகுபாடு சட்டப்படி ஒழிந்ததும் வாடிக்கையாளர்கள் வேறு கடைகளுக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு பதில் உண்டு. அதுவும் உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும், தலைக்கு மேலே லாரி ஓடிக்கொண்டிருக்கிறது, அதை எப்படி விட்டுவிட முடிகிறது?

பாலத்தைத் தாண்டினால் பிரின்ஸ் ஹால் மேசானிக் கட்டடம். கிங்கின் இயக்க அலுவலகம் இங்கேதான் இருந்தது, அந்த வானொலி நிலையம் அதற்கு மேலே. ஏதாவது அறிவிக்க வேண்டுமென்றால் கிங் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம், மேலே இருப்பவர் ஜன்னல் வழியாக மைக்கைத் தொங்கவிடுவாராம். குழந்தைகள் வந்தால் இந்தக் கதை ஒன்று போதும். அந்த நேரம் பார்த்து, தெருவோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது எழுந்து வந்து, தான் சிறுவனாக இருந்தபோது இங்கே எந்தக் கடை எங்கே இருந்தது என்று சொல்லத் தொடங்கிவிடுவார். நான் வாயை மூடிக்கொள்வேன். நேரம் போனால் பின்னால் எதையாவது குறைத்துக்கொள்ளலாம், அவர் சொல்வது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

எபனேசரில் ஒரு விஷயத்தைத்தான் பலர் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். கிங்கின் அம்மா ஆல்பர்ட்டா, 1974 ஜூன் 30 ஞாயிறு ஆராதனையில் ஆர்கன் முன் உட்கார்ந்திருந்தபோது இதே தேவாலயத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் இறந்து ஆறு வருஷம் கழித்து.

தமிழ்க் குழுக்களும் வருவதுண்டு, பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்களோடு. "ஏம்ப்பா, காந்தி சிலை இங்க எப்படி வந்தது?" என்று பெருமையாகக் கேட்பார்கள். 1998-இல் வைத்தது, இந்தியா கொடுத்தது என்று சொல்லிவிட்டு, அதே பேச்சில் இன்னொன்றையும் சொல்வேன். 1959-இல் இந்தியா வந்த கிங், திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் கோபம். யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நான் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். 1965 ஜூலை 4 அன்று இதே எபனேசரில் பிரசங்கத்தில் இதை அவரே சொன்னார். சிலை பற்றிக் கேட்டவர்களில் சிலர் இந்த இடத்தில் போனை எடுத்துப் பார்ப்பார்கள். சிலர் மேலே கேட்பார்கள், அப்புறம் நடை முழுக்கப் பேச்சு ஊர்ப் பக்கம்தான் போகும், சேரி எங்கே, கிணறு எங்கே, டீக்கடை எங்கே என்று. அந்த நாட்களில் எனக்கு வேலை நன்றாகப் போன திருப்தி இருக்கும்.

கடைசியில் கிங் பிறந்த 501-ஆம் எண் வீடு. 2023 நவம்பரில் சீரமைப்புக்காக அதை மூடினார்கள். மூடியிருந்த வீட்டின் வாசலில் வந்து நின்றவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் அவர்களை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவேன். அங்கே வரிசையாகச் சின்னச் சின்ன மர வீடுகள், ஆலையில் வேலை செய்த வெள்ளைக்காரத் தொழிலாளர்களுக்காகக் கட்டியவை. 1906 கலவரத்துக்கு அப்புறம் அவர்கள் கிளம்பிப் போக, கறுப்பர் குடும்பங்கள் வாடகைக்கு வந்தன. கிங் குடும்பத்துப் பாதிரியாரின் மாடி வீடும் கூலிக்காரரின் வீடும் எதிரும் புதிருமாக இருந்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, பணமிருந்த கறுப்பருக்கும் வேறு இடத்தில் வீடு கிடைக்காது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர், திரும்பிப் போக ஸ்ட்ரீட்கார் எங்கே நிற்கும் என்று கேட்டுவிடுவார், முழங்கால் வலிக்கிறதாம்.